நாலாம் துளையில் ஊசி

டான்டினாங்கில் டயர்க் கடைக்கும்
ஆப்கான் ரொட்டிக் கடைக்கும் நடுவில்
அந்த ஜிம். விடிய ஐந்தரைக்கே திறந்திருக்கும்.
இரவு வேலை முடிந்து நேரே போனேன்,
சீருடைக்கு மேல் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடி.
எலும்பு அடர்த்தி அறிக்கை
கைப்பையில் நாலாய் மடிந்து கிடந்தது.

பாரம் தூக்கிய முன்னனுபவம் உண்டா
என்றது பதிவுத் தாள்.
இல்லை என்று எழுதினேன்.
ஆளைத் தூக்குவது
அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்குமா, தெரியவில்லை.

மிட்செல் இரண்டு பக்கமும் கை காட்டினான்.
இந்தப் பக்கம் மெஷின், அந்தப் பக்கம் ஃப்ரீ வெயிட்.
ஃப்ரீ என்றால்
வாரம் பதினேழு டாலர் எதற்கு என்றேன்.
அவனுக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மெஷின்கள் மரியாதை தெரிந்தவை.
கதிரை தருகின்றன, கைப்பிடி தருகின்றன.
பக்கத்தில் முகமில்லாத ஒருவனின் படம்,
எங்கே நோகவேண்டுமோ அங்கே அவனுக்குச் சிவப்பு.
தண்டவாளத்தில் போகிற பாரம்
வலமும் சாயாது, இடமும் சாயாது.
கை விட்டால் தன் தட்டுகளின் மேலேயே விழும்,
என் மேல் அல்ல.
ஆனால் ஆறடி ஆள் ஒருவனை அளந்து செய்த கதிரை.
கடைசிப் படிக்கு இறக்கியும்
கால் தரையில் படவில்லை.
ஐம்பத்தொரு வயதில்
பள்ளிக்கூட வாங்கில் இருப்பதுபோல் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன் இருந்தவர்
எழுபத்தைந்தில் ஊசியை விட்டுப் போயிருந்தார்.
யாரும் பார்க்காத நேரம் உருவி
நாலாம் துளையில் செருகினேன்.
இருபது கிலோ. தள்ளினேன். போனது.

அந்தப் பக்கம்
வட்டு எதுவும் கோக்காத வெறும் கம்பி.
அதுவும் இருபதுதான் என்றான்.
தலைமாட்டில் நின்று
இரண்டு விரலை மட்டும் கம்பிக்குக் கீழே வைத்துக்கொண்டான்.
அதே இருபது இல்லை அது.
இடது பக்கத்துக்கு ஒரு யோசனை,
வலது பக்கத்துக்கு வேறொரு யோசனை.
நடுவில் நான், சமாதானம் பேசிக்கொண்டு.
விலாவிலிருந்தும் முதுகிலிருந்தும்
பெயர் தெரியாத யார் யாரோ
தூக்கம் கலைந்து ஓடிவந்து பிடித்தார்கள்.

பதினோராம் அறை, திருமதி ஹாலொரன்,
அறுபத்திரண்டு கிலோ.
ஹோய்ஸ்ட் இருக்கிறது. பட்டியை மாட்டி
பொத்தானை அமுக்கினால்
ஒரு ராணியைப்போல் எழும்பிப் போவாள்.
போன வியாழன் அதிகாலை மூன்று மணிக்கு
குளியலறை வாசலில் அவள் சரிந்தபோது
பொத்தான் இல்லை,
கைப்பிடி இல்லை,
எங்கே சிவப்பு என்று காட்டப் படமும் இல்லை.
என் தோளில் விழுந்துகொண்டே
என்னைத்தான் விழாமல் பிடிக்கப் பார்த்தாள்.
ஸொரி, ஸொரி என்றாள்.
எந்தக் கம்பியும் அப்படிச் சொல்லாது.
இருவரும் மெதுவாகச் சுவரோடு வழுகி
தரையில் குந்திவிட்டோம்.
மணி அடிக்க எனக்குக் கை எட்டவில்லை.

முதல் ஆறு வாரம் மெஷின் போதும் என்கிறான் மிட்செல்.
மெஷின் எல்லாம் ஏமாற்று என்கிறாள்
என்னோடு வேலை செய்கிற சுபாங்கி,
அவள் எந்த ஜிம்முக்கும் போனதில்லை.
இரண்டு பேரும் சொல்லட்டும்.
தோள் நோகிற நாளில் கதிரை,
பதினோராம் அறை நினைவு வருகிற நாளில் கம்பி
என்று வைத்திருக்கிறேன்,
இப்போதைக்கு.

புறப்படும்போது
ஊசியை உருவி எழுபத்தைந்தில் செருகிவிட்டு வந்தேன்.
அடுத்து வருகிறவர் என்னைத் தேடட்டும்.

ரொட்டிக் கடையில்
சில்லறையைப் பொறுக்க விரல் வரவில்லை.
உள்ளங்கையை அப்படியே நீட்டினேன்,
கடைக்காரரே எண்ணி எடுத்துக்கொண்டார்.
இரண்டு ரொட்டி.
கனமாகத்தான் இருந்தது.